ஊர்வாரிப் பட்டியலைக் கிழித்த ஞானராஜ் சார்

ஞானராஜ் சார் காலமான செய்தி எனக்கு மினி பஸ்ஸில் வந்தது. குத்தாலத்தில் ஏறி, அதிசயமாக உட்கார இடம் கிடைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். பழைய களப்பணியாளர்கள் குழுவில் அவர் படம். கீழே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று ஒரு வரி. தரங்கம்பாடியில் அவர் வீட்டில், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பாம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போனார்.

“ஏம்மா, யாருக்கு என்னாச்சு?”

“எங்க ஆபீஸ் சாருங்க. தவறிட்டாரு.”

“சொந்தமா?”

“இல்லீங்க.”

“அதுக்கா இந்த அழுகை!”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆபீஸ் சாருக்காக யார் இப்படி அழுவார்கள்? உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டுக்குப் போனாலும் போயிருப்பார்.

நான் எச்.ஐ.வி. உள்ளவள். எங்கள் ஊரில் இது யாருக்கும் தெரியாது. என் மகளுக்குத் தெரியும், மருந்து கொடுக்கிற ஆஸ்பத்திரிக்குத் தெரியும், ஞானராஜ் சாருக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு நான் சுகாதாரத் துறையில் என்னமோ வேலை பார்க்கிறவள். என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனவர். அப்படியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து சாரின் மனைவி, டீச்சர், போன் செய்தார். “நினைவு ஆராதனைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடறோம். அவரு என்ன வேலை பார்த்தாருன்னு சபையில யாருக்கும் தெரியல. வீட்டுல எனக்கே பாதிதான் தெரியும். நீங்க அவர்கூட வேலை பார்த்தவங்க, எழுதிக் குடுங்க. பேரு போட வேண்டாம்னா வேண்டாம்.” உடனே சரி என்று சொல்லிவிட்டேன். பெயர் விஷயம்தான் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. பெயரோடு எழுதினால் ஊர் படிக்கும். தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிற என் மகளுக்கு நாளைக்கு வரன் பார்க்கும்போது, நாங்கள் போவதற்கு முன்னால் இந்தப் புத்தகம் போய் நிற்கும். பெயரில்லாமல் எழுதினால் எந்தத் தொல்லையும் இல்லை. இந்த வரியை எழுதும்போதுகூட எனக்கு முடிவாகவில்லை. முதலில் அவரைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

எச்.ஐ.வி. யார் யாருக்கு இருக்கிறது, எந்த வயதில், ஆணா பெண்ணா, என்ன தொழில், எந்தப் பகுதி, எந்த வழியில் வந்தது என்று மாவட்டம் முழுக்கத் திரட்டி மாநிலத்துக்கு அனுப்புவது ஞானராஜ் சாரின் வேலை. ரத்தப் பரிசோதனையில் தெரிய வந்தவர்களைப் போய்ப் பார்த்து, தைரியம் சொல்லி, மருந்துக்கு அழைத்துவந்து, அவர்கள் விவரத்தைப் படிவத்தில் எழுதுவது என் வேலை. படிவத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்தப் படிவங்களை மாதம் ஒருமுறை வந்து சரிபார்ப்பார். கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பரீட்சை அட்டை, காதில் பென்சில். பேனா தொடமாட்டார். “பேனாவுல எழுதிட்டா நமக்குத் திருத்த மனசு வராது” என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்து முதல்முறை என் படிவங்களைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வெயிலில் அலைந்து எழுதியது சும்மாவா?

“என்ன சார் சிரிப்பு?”

“ஆம்பளைங்க எல்லாருக்கும் ‘விவசாயம்’னு போட்டிருக்கீங்களேம்மா. இந்தப் பக்கத்து ஆம்பளைங்க அத்தனை பேரும் வயல்லயே இருந்தா, லாரி ஓட்டறது யாரு? ஓட்டல்ல பரோட்டா போடறது யாரு? திருப்பூர்ல துணி தைக்கறது யாரு?”

“அவங்க சொன்னதைத்தானே சார் எழுதினேன்? நானா கதை கட்டினேன்?”

“கோச்சுக்காதீங்க. அவங்க சொன்னதும் பொய் இல்ல. ஆனா நீங்க கேட்டதும் சரி இல்ல.”

அவர் சொன்னது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர் நிலம் இருந்தால் போதும், மனுஷன் விவசாயிதான். வருஷத்தில் பத்து மாதம் வெளியூரில் லாரி ஓட்டினாலும், என்ன தொழில் என்று கேட்டால் ‘விவசாயம்’ என்றுதான் வாய் வரும். வெளியூர் போய்த் தங்கினீர்களா என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். ரேஷன் கார்டு இங்கே, குலதெய்வம் இங்கே, வீடு இங்கே. அப்புறம் எப்படி வெளியூர்க்காரர் ஆவது? என் வீட்டுக்காரரே அப்படித்தான். ஆந்திரா வரைக்கும் லாரி ஓட்டினார். கல்யாணப் பத்திரிகையில் ‘விவசாயம்’ என்றுதான் போட்டார்கள். நானும் என் அப்பாவும் அதை நம்பவில்லை, வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம்.

இந்த வழக்கம் எழுத்தில் ஏறி மேலே போனதில் ஒரு கூத்து நடந்தது. விவசாயிகளுக்குத்தான் அதிகம் பரவுகிறது என்று யாரோ முடிவு கட்டி, சித்திரை வெயிலில் ஒரு ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி வயல் வயலாக விழிப்புணர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். மேட்டூரில் தண்ணீர் திறக்காத மாதம். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜீப்பில் நானும் இருந்தேன். இரண்டு மணி நேரம் ஆணுறையைப் பற்றி ஆடுகளிடம் பேசினோம். மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் வந்து, “ஆம்பளைங்க எல்லாம் பொழப்பைத் தேடிப் போயிட்டாங்கம்மா. பொங்கலுக்கு வாங்க” என்றார். இதைச் சாரிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுமாதம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கேள்வியை மாற்றச் சொன்னார். படிவத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. கேட்கிற விதத்தை மாற்றலாம் இல்லையா? ‘கடந்த ஆறு மாதத்தில் இடம்பெயர்ந்தீர்களா’ என்று கேட்காதீர்கள், ‘குறுவை நடவுக்கு ஊர்ல இருந்தீங்களா, சம்பா அறுப்புக்கு இருந்தீங்களா, நடுவுல எங்க சாப்பாடு’ என்று கேளுங்கள் என்றார். மூன்று கேள்விதான். மாதமும் தேதியும் நினைவில்லாதவர்களுக்கும் நடவும் அறுப்பும் மறக்காது. “நடவுக்கு இருந்தேங்க. அறுப்புக்கு எங்க மச்சான் பாத்துக்கிட்டாரு. நான் பூனாவுல இருந்தேன்” என்று மளமளவென்று வந்தது. பட்டியலின் முகமே மாறிப்போனது. விவசாயிகள் குறைந்தார்கள். ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், அவர்களுடைய மனைவிமார்கள் வந்து நின்றார்கள். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே சார் சொன்னார்: “நம்ம பக்கத்துல இந்த வியாதி தண்ணியைப் பாத்துப் போகுதும்மா. தண்ணி வராத வருஷம் ஆம்பளைங்க போயிடறாங்க. நியாயமா இந்தப் படிவத்துல காவேரிக்கும் ஒரு கட்டம் இருக்கணும்.” அதற்கப்புறம் விழிப்புணர்வுக் கூட்டங்களைப் பொங்கலை ஒட்டியும் திருவிழாக்களை ஒட்டியும் வைத்தோம். ஆட்கள் வந்தார்கள்.

பெண்கள் பக்கத்தில் வேறு ஒரு சிக்கல். எல்லோருக்கும் ‘இல்லத்தரசி’ என்று இருக்கும். என்னைக் கர்ப்பத்தில் பரிசோதித்தபோதும் அப்படித்தான் எழுதினார்கள். பதினைந்து வயதிலிருந்து சேற்றில் குனிந்து நடவு நட்டவள் நான். அரசி என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? இதைச் சாரிடம் காட்டமாகவே சொல்லியிருக்கிறேன். அவர் அதற்கும் கேள்வியை மாற்றினார். அதைவிட எனக்கு மறக்காதது ஓர் ஆய்வுக்கூட்டம். வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “வீட்டுல இருக்கற பொம்பளைங்களுக்கே இவ்வளவு இருக்கே, இந்த ஊர்ப் பக்கம் ஒழுக்கம் எப்படி?” என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தால் வேலை போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஞானராஜ் சார் சத்தம் போடவில்லை. எழுந்து நின்று, “இந்தப் பொம்பளைங்க செஞ்சது ஒண்ணே ஒண்ணுதாங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க” என்றார். பிறகு அதே குரலில், “ஆம்பளைங்களையும் நாம ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. வயசுக்குக் கட்டம் இருக்கு, தொழிலுக்குக் கட்டம் இருக்கு. தப்புக்குன்னு இதுல கட்டம் இல்ல. நாமளா போடக் கூடாது” என்றார். நான் தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கண்ணீர் விழுந்து இரண்டு வரி நனைந்துபோனது.

இவ்வளவு நல்ல மனுஷன் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். மாயவரத்தில் ஒருநாள் நேருக்கு நேர் பார்த்தும் யாரோ போல் போனார். ‘அடேயப்பா, இந்த ஆளுக்கு என்ன திமிர்’ என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அடுத்த மாதம் வந்ததும் கேட்டேவிட்டேன். “நான் முதல்ல பேசினா, பக்கத்துல இருக்கறவங்க ‘யாரு இவரு, எப்படிப் பழக்கம்’னு கேப்பாங்க. உங்களுக்குப் பரவால்ல, ஆபீஸ்னு சொல்லிடுவீங்க. எல்லாரும் அப்படிச் சொல்ல முடியாது. அதனால யாரா இருந்தாலும் அவங்க முதல்ல கும்பிட்டாத்தான் நான் கும்பிடறதுன்னு வச்சிருக்கேன்” என்றார். எனக்கு இருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது. களப்பணியாளர்களில் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அவர் கேட்டதே இல்லை.

தெரிந்த நாளைச் சொல்கிறேன். அது அவர் செய்த தவறினால் தெரிந்தது. நல்லவரைப் பற்றி எழுதும்போது தவறை விட்டுவிடுவார்கள். இந்தத் தவறை விட்டால் அவரைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை.

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி ஊர்வாரிப் பட்டியல் கேட்டிருந்தார். பஞ்சாயத்து பஞ்சாயத்தாகக் கூட்டம் போடப் போகிறார்களாம். பட்டியல் என்றால் ஞானராஜ் சாருக்குத் தின்பண்டம் மாதிரி. ஒரு வாரம் உட்கார்ந்து, காவேரி, வாய்க்கால்கள், ஊர்கள் எல்லாம் போட்டுப் பெரிய படமே வரைந்துவிட்டார். ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் ஓர் எண். மாதக் கூட்டத்தன்று அதைச் சுவரில் மாட்டினார். பஞ்சாயத்து அலுவலகங்களுக்கு அனுப்பப் பிரதிகள் கட்டுக்கட்டாக மேஜையில் இருந்தன. எல்லோரும் “அழகா இருக்கு சார்” என்றார்கள். நான் எங்கள் ஊரைத் தேடினேன். பக்கத்தில் ‘1’ என்று இருந்தது.

எல்லோரும் டீ குடிக்க வெளியே போனதும் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“சார், அந்த ஊருக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே...”

“ஆமாம்மா, சரியாத்தான் இருக்கும். ரெண்டு தடவை பாத்தேன்.”

“சரியாத்தான் சார் இருக்கு. அந்த ஒண்ணு நான்தான்.”

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எழுத ஒன்றுமில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க ஊர்ல மொத்தம் அறுபது வீடு சார். மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுறவ நான் ஒருத்தி. புருஷனை இளவயசுல வாரிக் குடுத்தவளும் நான். இதைப் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டினா பேரே எழுத வேண்டாம். எம்பொண்ணு மூணாவது படிக்குது சார். அதுக்கு இல்ல, டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல. ஆனா பக்கத்துல உக்கார யாரையும் விடமாட்டாங்க...”

சார் எழுந்துபோய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். ஒரு வாரம் வரைந்த படம். நான்காகக் கிழித்தார். பிறகு உட்கார்ந்து, மேஜையிலிருந்த பிரதிகளை ஒவ்வொன்றாகக் கிழிக்க ஆரம்பித்தார். ஆள் வைத்துக் கிழிக்கவில்லை. நானும் கூட உட்கார்ந்து கிழித்தேன். “தப்பு என்னுதுங்க” என்றார். மேலதிகாரிக்குப் போடுகிற ‘ங்க’வை எனக்குப் போட்டு அவர் சொன்னதைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. “ஒரு வாரமா எல்லா ஊரையும் மேலேர்ந்து பாத்தேன். ஒரு ஊருக்குள்ளயாவது ஓர் ஆளா நின்னு பாத்திருக்கணும்.”

அதிகாரி மறுநாள் வந்தார். நான் கதவுக்கு வெளியே கோப்போடு நின்றிருந்தேன், உள்ளே பேசியது முழுக்கக் கேட்டது.

“பட்டியல் எங்க ஞானராஜ்?”

“ஒன்றியம்வாரியாத் தரேங்க. ஊர்வாரியாத் தர முடியாது.”

“கேட்டது ஊர்வாரி. முடியாதுன்னு சொல்ல நீங்க யாரு?”

“ஒருத்தர் மட்டும் இருக்கற ஊரைப் பேரோட எழுதினா அது புள்ளிவிவரம் இல்லீங்க. காட்டிக்குடுக்கறது.”

அந்த அதிகாரி போட்ட சத்தத்தை இங்கே எழுத வேண்டாம். சாரை அந்த மேஜையிலிருந்து எடுத்து, மருந்துக் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கப் போட்டார்கள். அங்கே தூசி. அவருக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு உண்டு. என்னால்தானே இது என்று அழாத குறையாகப் போய் நின்றபோது, “பெட்டிங்க எங்கிட்ட ஒண்ணும் மறைக்கலம்மா, அதனால இந்த வேலை சுலபம்” என்று சிரித்தார். கொஞ்ச காலம் கழித்து வந்த வேறோர் அதிகாரி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அவர் ஓய்வு பெறும்வரை ஊர்வாரிப் பட்டியல் எங்கள் அலுவலகத்தைவிட்டு வெளியே போகவில்லை. ஏன் தண்டனை வாங்கினார் என்று டீச்சருக்குக்கூட அவர் சொன்னதில்லை. இந்தப் பத்தியைப் படித்துத்தான் டீச்சர் தெரிந்துகொள்வார். டீச்சர், அந்த வருஷம் அவர் இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தது எனக்காகத்தான்.

அந்த ‘1’ யார் என்று வெளியே தெரியாமல் அவர் காப்பாற்றியதால் என் மகள் பள்ளிக்கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து படித்தாள். சடங்கு நடந்தபோது ஊரே வந்து சாப்பிட்டது. பிளஸ் டூ முடித்து நர்சிங்கில் இடம் வாங்கினாள். இதெல்லாம் சாதாரண விஷயம்தான். சாதாரணமாக நடந்ததே, அதற்குத்தான் நன்றி.

அடக்கத்துக்குத் தரங்கம்பாடி போயிருந்தேன். கடல் காற்றில் பாதிரியார் ஜெபம் சொன்னது பாதிதான் கேட்டது. கல்லறைத் தோட்டத்து மதில் ஓரமாக, உறவுக்காரர்களோடு சேராமல், சிலர் தனித்தனியாக நின்றிருந்தார்கள். பூம்புகார்ப் பக்கத்து மீனவர் ஒருவர், குடையோடு ஓர் அம்மா, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓர் இளைஞர், இன்னும் சிலர். உங்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் என்னைத் தெரியும். மாதா மாதம் ஒரே பெஞ்சில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் நாம். ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காததுபோல் மண் போட்டுவிட்டு, வெவ்வேறு பஸ் ஏறினோம். யாரும் முதலில் கும்பிடவில்லை. நம் மனுஷருக்காக நாம் சேர்ந்து அழக்கூட முடியவில்லையே என்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பயப்படாதீர்கள், உங்கள் பெயரையோ ஊரையோ நான் இங்கே எழுதவில்லை. அவர் எழுதவிட மாட்டார்.

அவரிடமிருந்து எனக்கென்று என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு மனுஷரைப் பார்த்ததும் ‘என்ன தப்புப் பண்ணினாரோ’ என்று போகிற புத்தி எனக்கு அற்றுப்போனது. அதுதான் அவர் கொடுத்தது. என் வீட்டுக்காரரை நான் பல வருஷம் பாவி என்றுதான் நினைத்தேன். அவர் போட்டோவைப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்திருந்தேன். பயிர் காய்ந்த வருஷத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் தெரியாத ஊர்களுக்கு வண்டி ஓட்டிப் போனான், அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. போட்டோவை எடுத்துச் சுவரில் மாட்டினேன். மகள் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவாள்.

நேற்று அவள் லீவில் வந்தாள். எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். பெயர் போடவா வேண்டாமா என்று கேட்டேன். “உன் கல்யாணத்துக்கு இடைஞ்சல் ஆகிடும் பாப்பா. யோசிச்சுச் சொல்லு.”

“இதைப் படிச்சுட்டு ஓடறவன் பந்தல் போடறதுக்கு முன்னாடியே ஓடட்டும்மா. பந்தல் போட்ட பொறவு ஓடினாத்தான் சிரமம்” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அந்த சார் உன் பேரைக் காப்பாத்தினது நீ எப்பவும் ஒளிஞ்சுக்கறதுக்கா? நீயா சொல்ற வரைக்கும் வேற யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதானே?”

உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தேன்.

டீச்சர், பெயரைப் போடுங்கள்.

கு. வளர்மதி
விவசாயக் கூலி, களப்பணியாளர்
எச்.ஐ.வி.யோடு இருபது வருஷமாக வாழ்கிறவள்
நிவேதாவின் அம்மா